ரேவதி முடியும் வரை

ஜூன் 18, திங்கள்

இந்த டைரி இவுக வேலை பாத்த பிரஸ்ல குடுத்தது. ஜனவரியில இருந்து இதுல ஜாக்கெட் அளவுதான் எழுதிட்டு வந்தேன். இன்னைக்குத்தான் வேற எழுதுறேன். யாருகிட்டயாவது சொல்லியே ஆகணும் போல இருக்கு. இந்தக் காம்பவுண்டுல ஒரு வீட்டுல சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஆறு வீட்டுக்கும் போயிரும்.

ஆஸ்பத்திரியில இருந்து இவுகளைக் கூட்டிட்டு வந்துட்டேன். "இனிமே வீட்டுல வச்சே பாத்துக்கங்கம்மா, வலிக்கு மருந்து எழுதியிருக்கேன்"னு டாக்டரம்மா சொன்னாங்க. வேற ஒன்னும் சொல்லல. நானும் கேக்கல.

ஆட்டோவைத் தெருமுனையிலயே நிறுத்தச் சொல்லிட்டேன். வாசல் வரைக்கும் வந்தா எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு இவுக நடந்தே வந்தாக. அப்படியும் தப்பிக்க முடியல. முத வீட்டு ஜன்னல்ல பாக்கியக்கா நின்னுச்சு. வீட்டுக்கார அக்கா. இந்த ஆறு வீடும் அதோடதுதான்.

"தம்பிக்கு என்ன மங்கை?"

"முதுகு வலிக்கா. டிஸ்க் நகந்திருச்சாம்."

வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அக்கா "அப்படியா"ன்னுச்சு. ஆனா நாங்க உள்ள போற வரைக்கும் இவுக காலையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

ஜூன் 21, வியாழன்

பக்கத்து வீட்டு வேணிக்கு ரெண்டு ஜாக்கெட். கை 9, உயரம் 14. பின் கழுத்து இறக்கம் கேக்குறா. இவுக அரை தம்ளர் கஞ்சி குடிச்சாக.

ஜூன் 25, திங்கள்

வாடகை அக்ரிமென்ட் பதினோரு மாசத்துக்கு ஒருக்க மாத்துறது. பத்தொம்பது வருசமா இந்த அஞ்சாம் நம்பர் வீட்டுல இருக்கோம், எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டாச்சு, ஒரு தடவைகூட நான் படிச்சது இல்ல. இந்தத் தடவை பாக்கியக்காவே பத்திரத்தைக் கொண்டுவந்து, "எட்டாவது ஷரத்து புதுசு, படிச்சுக்க"ன்னுச்சு.

"மேற்படி வீட்டில் அடைப்பு நட்சத்திரத்தில் மரணம் நேரும் பட்சத்தில், ஆறு மாத வாடகையை வாடகைதாரர் செலுத்தி, முப்பது நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டியது."

மூனாம் நம்பர் வீட்டால வந்த வினை. போன மார்கழியில அங்க இருந்த வாத்தியார் சதய நட்சத்திரத்துல போயிட்டாரு. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த அஞ்சுல ஒன்னுல உசுரு போனா அந்த வீட்டை ஆறு மாசம் அடைச்சு வைக்கணும், இல்லன்னா அந்தக் கூரைக்குக் கீழ அடுத்தடுத்து போகும்னு சொல்லுவாங்க. காலண்டர் பின்னட்டையில கட்டம் கட்டிப் போட்டிருக்கும். இருவத்தாறு வருசம் அந்தப் பின்னட்டையைப் பிழை திருத்தினது இவுகதான். டெய்லி காலண்டர் அடிக்கிற பிரஸ்ல புரூப் ரீடர்.

வாத்தியார் சம்சாரம் காலி பண்ணிட்டு மகன் வீட்டுக்குப் போயிருச்சு. ஆறு மாசமும் முடிஞ்சுபோச்சு. பூட்டு இன்னும் தொங்குது. வீடு கேட்டு ஆள் வருது, எதிர்த்த கடையில விசாரிக்குது, "அந்த வீடா"ன்னு திரும்பிப் போயிருது.

"என்னக்கா இது, சாவுக்கெல்லாம் ஷரத்துப் போடுறீங்க?"ன்னு கேட்டேன்.

"நான் என்னத்தா செய்ய? எனக்குப் பென்சனா வருது? இந்த ஆறு வீட்டு வாடகைதான் என் சோறு. அதுலயும் முரளி இந்தக் காம்பவுண்டை வச்சு பேங்க்ல கடன் வாங்கியிருக்கான். ஒரு வீடு பூட்டிக் கிடந்ததுக்கே அவன் போன்ல கத்துற கத்து எனக்குத்தான் தெரியும். ரெண்டு வீடு பூட்டினா மொத்தத்தையும் இடிச்சு லாட்ஜ் கட்டிருவேங்கிறான்."

முரளி அது மகன். கோயமுத்தூர்ல இருக்கான். ஷரத்து அவன் எழுதச் சொன்னதாம்.

இவுக பத்திரத்தைக் கையில வாங்கினாக. பழக்கம், சிவப்புப் பேனா மூடியைக் கழட்டிக்கிட்டே முதல் வரியில இருந்து கடைசி வரைக்கும் படிச்சாக. "எழுத்துப் பிழை ஒன்னும் இல்ல"ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாக. நானும் போட்டேன்.

ஜூலை 2, திங்கள்

நேத்து ராத்திரியே அவிட்டம் வந்திருச்சு. வர்ற சனிக்கிழமை காலை வரைக்கும் அந்த அஞ்சும்தான்.

வெளிய சொல்ல முடியாத பயம் இது. மிஷின்ல உக்காந்தா காது பூராம் உள்ரூம்லதான் இருக்கு. இவுக இருமினா பயம், இருமாட்டியும் பயம். ஒரு கைக்கு மூனு தடவை தையல் பிரிச்சேன்.

ஜூலை 4, புதன்

பாக்கியக்கா இளநீர் கொண்டுவந்துச்சு. உள்ள வரல, உள்ரூம் நிலைகிட்டயே நின்னுச்சு. போர்வைக்கு வெளிய இவுக பாதம் தெரிஞ்சது.

"முதுகு வலிக்குக் காலு வீங்குமா மங்கை?"

"மாத்திரைச் சூடுக்கா."

"ம்."

போகும்போது அடுப்படிச் சுவர்ல மாட்டியிருக்கிற காலண்டரைப் பாத்துட்டுப் போச்சு. பூரட்டாதி. வேவு பாக்கக் கொண்டுவந்த இளநீரை இவுகளுக்குக் குடுக்க எனக்கு மனசே வரல. அப்புறம் என்ன நினைச்சேனோ, குடுத்துட்டேன். பாவம், அதுவும் காசு குடுத்துத்தானே வாங்கியிருக்கும்.

ஜூலை 7, சனி

அஞ்சும் முடிஞ்சு அஸ்வினி வந்திருச்சு. தாளைக் கிழிச்சுக்கிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன். இவுக கண்ணை மூடிக்கிட்டே, "தாண்டிட்டேன் பாத்தியா"ன்னாக. பரீட்சை பாசான பையன் மாதிரி சிரிப்பு வேற. ரெண்டு இட்லி சாப்பிட்டாக. நானும் இன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இதை இங்க எழுதிட்டா என்ன. முதுகு வலி இல்ல. ஈரல். டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஆடி தாண்டினாப் பெரிசும்மான்னு சொன்னாங்க. நான் கேக்கலன்னு அன்னைக்கு எழுதினேன். கேட்டேன்.

ஜூலை 9, திங்கள்

இவுகளுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. காலண்டர் தாள்ல பெரிய எழுத்துத் தேதிகூடத் தெரியலங்கிறாக. தினம் காலையில நான் கிழிச்சுட்டு வந்து நட்சத்திரம் என்னன்னு வாசிச்சுச் சொல்லணும். சொன்னாத்தான் கஞ்சி.

இன்னைக்கு என் தம்பி பேச்சு வந்துச்சு. அவன் ஹவுசிங் போர்டு வாடகை வீட்டுல இருந்தான். எங்கப்பா அங்கதான் போனாரு, பூரட்டாதியில. ரெண்டு நாள் கூடத்துலயே வச்சிருந்தோம், ஒரு ஆள் வந்து நட்சத்திரம் கேக்கல. நாங்களாத்தான் பரிகாரம் பண்ணி ஒரு ரூமை அடைச்சோம்.

"கவர்மென்ட் வீட்டுக்கு நட்சத்திரம் கிடையாது"ன்னு இவுக சொன்னாக.

"அப்ப எல்லா வாடகை வீடும் கவர்மென்ட்டுதா இருந்தா நல்லதுங்கிறீகளா?"

"உன் தம்பி வீட்டுல மழைக்குக் கூரை ஒழுகி, எழுதிப் போட்டு மூனு வருசம் ஒருத்தன் வரலையே. பாக்கியக்கா மறுநாளே கொத்தனாரைக் கூட்டியாந்திரும். இங்க கூரை ஒழுகல மங்கை. என்ன, மனுசன் அவன் நேரத்துக்குச் சாக முடியல."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீக"ன்னு எந்திரிச்சு வந்துட்டேன். வந்து பாத்திரத்தை எல்லாம் மறுபடி ஒரு தடவை விளக்கினேன்.

ஜூலை 12, வியாழன்

வேற வீடு பாக்கப் போனேன். ரெண்டு தெரு தள்ளி, மாடி. வீட்டுக்காரரு முதல் கேள்வியே, "எத்தனை பேரு, நோயாளி யாரும் இருக்காங்களா?"

"இல்லைங்க."

"அப்ப உங்க வீட்டுக்காரரை ஒருக்க கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். மாடிப்படியை எண்ணினேன், இருவத்திரெண்டு.

ஜூலை 16, திங்கள்

பாக்கியக்கா காலையில வந்து நேரடியாவே கேட்டுருச்சு. "எனக்கு எல்லாம் தெரியும் மங்கை. மருந்துக்கடைப் பையன் சொல்லிட்டான், அது என்ன மாத்திரைன்னு. காலி பண்ணிருத்தா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

எங்க இருந்துதான் அந்தப் புத்தி வந்துச்சோ, "நாளைக்கு ஆடி பொறக்குதேக்கா, ஆடியில யாரு வீடு மாத்துவா?"ன்னேன்.

ஆடியில குடி போன்னு எந்த வீட்டுக்காரி சொல்லுவா? அக்கா காலண்டரைப் பாத்துட்டு, "அப்ப ஒன்னு செய். 29-ந்தேதி அவிட்டம். அதுக்கு முன்னாடி தம்பியை ஆஸ்பத்திரியில சேத்துரு. ஆறு நாளைக்கு மட்டும். அங்க என்ன ஆனாலும் அது வீட்டைச் சேராது"ன்னுச்சு.

சொல்லிட்டு அதுவே அழுதுச்சு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. சொல்றதையும் சொல்லிட்டு எதுக்கு அழுகணும்? முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டே போச்சு.

ஜூலை 23, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். "வலி கூடிருச்சா?"ன்னாங்க நர்ஸம்மா. இல்ல. "மூச்சுத் திணறலா?" இல்ல. "பின்ன எதுக்கும்மா ஆறு நாள்?" என்னத்தச் சொல்ல? நட்சத்திரம் சரியில்லன்னா? பெட் இல்லம்மா, வீட்டுல இருக்கிறதுதான் அவருக்கு நிம்மதின்னு முதுகைத் தட்டிக் குடுத்து அனுப்பிட்டாங்க.

பாக்கியக்காகிட்ட, பெட் காலியானதும் கூப்பிடுவாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஜூலை 26, வியாழன்

நேத்துல இருந்து இவுக கஞ்சி குடிக்கல. தண்ணியும் வேணாங்கிறாக. வாயை இறுக்கி மூடிக்கிறாக. வாந்தி வருதா, கசக்குதான்னு நானும் என்னென்னமோ கேட்டுப் பாத்தேன். இன்னைக்கு மத்தியானம் அவுகளாச் சொன்னாக.

"அவிட்டம் வர்றதுக்குள்ள போயிரணும்னு பாக்கேன் மங்கை. இன்னும் மூனு நாள்தான் இருக்கு."

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். "உங்க உசுரு என்ன பாக்கியக்கா வீட்டுச் சாவியா, கெடு வச்சுத் திருப்பிக் குடுக்க? நான் தெருவுல நின்னாலும் நின்னுட்டுப் போறேன், வாயைத் தொறங்க!"ன்னு கத்திட்டேன். வேணி வீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். கத்திட்டு அப்படியே அவுக நெஞ்சு மேல சாஞ்சு அழுதேன். எலும்புதான் இருக்கு.

கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, குடு"ன்னாக. நாலு ஸ்பூன் இறங்குச்சு. "அப்ப வேற வழியில்ல, இந்த ஆறு நாளையும் தாண்டித்தான் ஆகணும். தினம் சரியா வாசிச்சுச் சொல்லு, அஸ்வினி வந்ததும் சொல்லு"ன்னாக. சொல்றேன்னேன்.

ஜூலை 29, ஞாயிறு

அவிட்டம்.

ஜூலை 30, திங்கள்

சதயம். பாக்கியக்கா ரெண்டு தடவை வந்து, பெட் கிடைச்சுதான்னு கேட்டுச்சு. மூனாவது தடவை கதவைத் தொறக்கல, மிஷினை வேகமா ஓட்டிக்கிட்டே இருந்தேன். நூல்கூடக் கோக்கல.

ஆகஸ்ட் 1, புதன்

உத்திரட்டாதி. திருப்பூர்ல இருந்து மக தேன்மொழி போன் பண்ணா. கம்பெனியில லீவு கேட்டிருக்கா, ஞாயித்துக்கிழமை வர்றாளாம். அவகிட்டயும் முழுசாச் சொல்லல.

ஆகஸ்ட் 2, வியாழன்

மத்தியானம் ரேவதி ஆரம்பம். கடைசி ஒன்னு.

மூச்சு இழுக்கிறது ரொம்பக் கஷ்டமாருக்கு. ஒவ்வொரு மூச்சையும் எங்கயோ கிணத்துல இருந்து இறைக்கிற மாதிரி இழுக்காக. பல்லைக் கடிச்சுக்கிறாக. கட்டில் சட்டத்தைப் பிடிச்சிருக்கிற கையை எடுக்கவே மாட்டேங்கிறாக. மருந்து குடுத்தாலும் தூங்க மாட்டேங்கிறாக. தூங்கினா விட்டுருமோன்னு பயம். "எப்ப முடியுது?"ன்னு கேட்டாக. எங்க காலண்டர்ல நாளைக்கு 1.38ன்னு போட்டிருக்கு. "நாளைக்கு மத்தியானம்"னேன். "அடேயப்பா"ன்னாக.

இதைப் பாத்துக்கிட்டு இருக்கிற கொடுமையை எதிரிக்கும் குடுக்கக்கூடாது.

ஆகஸ்ட் 3, வெள்ளி

காலை 8.50. ஆடிப்பெருக்கு. தாளைக் கிழிச்சேன். இன்னைக்கு என்னன்னு இவுக கேட்டாக. சொன்னேன்.

9.45. தூங்குறாக. ஃபேனைக் கூட்டி வச்சேன். குளிரும்ல, தலையைச் சுத்தித் தாடையோட சேத்துத் துண்டு கட்டிவிட்டேன். ஜன்னலைச் சாத்திட்டேன்.

10.30. தண்ணி லாரி. போகலன்னா ஏன் போகலன்னு கேப்பாங்க. மூனு குடம் பிடிச்சேன். வரிசையில ஒருத்தி, "அண்ணன் எப்படியிருக்காரு?"ன்னா. "இன்னைக்கு வலி இல்ல"ன்னேன். அது பொய் இல்ல.

11.20. வேணி வந்தா. கையில தட்டு. மஞ்சள், குங்குமம், எலுமிச்சஞ்சோறு, புது மஞ்சக் கயிறு. நாலாம் வீட்டுப் பிள்ளை அவ, வருசா வருசம் பதினெட்டாம் பெருக்குக்கு எனக்கும் சேத்துக் கயிறு வாங்கிட்டு வருவா.

"மங்கையக்கா, உக்காருங்க, கயிறு மாத்திவிடுறேன். இனிமே எல்லாம் நல்லதாவே நடக்கும், பாருங்க. அண்ணன் தூங்குறாரா?"

"தூங்குறாக."

உக்காந்தேன். வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாளே. பழைய கயிறைக் கழட்டி, புதுசுல தாலியைக் கோத்து, மூனு முடிச்சுப் போட்டு, நெத்தி வகிட்டுல குங்குமம் வச்சா. அவ கை பட்ட இடமெல்லாம் எனக்குக் கூசுச்சு. "என்னக்கா இப்படி நடுங்குறீங்க, காய்ச்சலா?"ன்னு கழுத்தைத் தொட்டுப் பாத்தா. "காலையில சாப்பிடலடி"ன்னேன். உடனே எலுமிச்சஞ்சோத்தை ஊட்டிவிட்டா. முழுங்கினேன். முழுங்கிட்டேன், சாமி.

12.15. தேன்மொழி போன். "அப்பாகிட்டக் குடும்மா, ரெண்டு வார்த்தை பேசுறேன்."

"இப்பத்தான் கண்ணசந்தாக."

"காதுகிட்ட வையி, சும்மா என் குரலாவது கேக்கட்டும்."

உள்ரூம்ல போய் வச்சேன். அவ பாட்டுக்குப் பேசினா. ஞாயித்துக்கிழமை வர்றேம்ப்பா, உங்களுக்குப் பிடிச்ச பனியன் எடுத்து வச்சிருக்கேம்ப்பான்னு. நான் சுவத்துல சாஞ்சு நின்னேன். என் பிள்ளைக்கு நான் இப்படிப் பண்ணிட்டேனே.

1.30. இன்னும் எட்டு நிமிசம். கதவைத் தட்டுற சத்தம். பாக்கியக்கா.

நேரா உள்ரூமுக்குள்ள போச்சு. இத்தனை நாளும் நிலையைத் தாண்டாத ஆளு. போர்வையை லேசா விலக்கிப் பாதத்தைத் தொட்டுச்சு. தொட்டபடியே ரொம்ப நேரம் நின்னுச்சு. எனக்கு மூத்திரம் வந்துரும் போல ஆகிருச்சு. பத்திரம், ஷரத்து, முப்பது நாள், லாட்ஜ், எல்லாம் கண்ணு முன்னாடி ஓடுது. அக்கா போர்வையைப் பாதத்தோட இழுத்து மூடி, ஓரத்தைக் கட்டிலுக்கு அடியில சொருகுச்சு.

வெளிய வந்து என் காதுகிட்டச் சொல்லுச்சு:

"என் காலண்டர்ல நாலு பன்னெண்டு."

எனக்கு ஒரு நிமிசம் புரியல. ரேவதி முடியுற நேரம்னு அப்புறம் புரிஞ்சுச்சு. ரெண்டு பஞ்சாங்கம், ரெண்டு கணக்கு, ரெண்டு மூனு மணி நேரம் முன்னப்பின்ன வரும்னு இவுக சொல்லியிருக்காக. ஊர்ல யாரு வீட்டுல எந்தக் காலண்டர் தொங்குதோ யாரு கண்டா? பிந்தினதையே வச்சுக்கிட்டா ஒருத்தரும் வாய் தொறக்க முடியாது.

2.40. அக்கா போகல. முன்ரூம்ல என் எதுக்கவே உக்காந்திருக்கு. மடியில மொச்சைக்காயைப் போட்டு உரிக்குது. சும்மா உக்காந்திருந்தா யாராவது என்னன்னு கேப்பாங்களாம். என்னையும் டைரியைத் தொறந்து அளவு எழுதுற மாதிரி இருக்கச் சொல்லுச்சு. அதான் எழுதுறேன். ரெண்டு பேரு வந்தாங்க. "தம்பி இப்பத்தான் தூங்குது, சாயங்காலம் வாங்க"ன்னு அதுவே அனுப்பிருச்சு. அது குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. மொச்சைதான் பாதி கீழ விழுகுது.

3.30. உள்ரூம்ல ஒரு ஈ சத்தம்.

4.12. அக்கா தன் போன்ல மணி பாத்துச்சு. இன்னும் மூனு நிமிசம் போகட்டும்னுச்சு. 4.15க்கு, "இனி அழுத்தா"ன்னுச்சு.

வரல. எனக்கு அழுகை வரவே இல்ல. வாயைத் தொறந்து நிக்கேன், காத்துதான் வருது. பாக்கியக்காதான் முதல்ல கத்துச்சு, "ஐயோ தம்பி, போயிட்டியேப்பா"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு. அந்தச் சத்தத்துல காம்பவுண்டே ஓடியாந்துச்சு.

ஆகஸ்ட் 4, சனி

தேன்மொழி விடியறதுக்கு முன்ன வந்துட்டா. கொண்டுபோயாச்சு.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

பிரஸ்ல இருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சுத் தெரு முழுக்க ஒட்டியிருக்காங்க. இவுக போட்டோ, இவுக பேரு. சிகாமணி. "மறைவு: 3.8, மாலை 4.15." இருவத்தாறு வருசம் பிழை பாத்த மனுசன். வேணி அழுதுக்கிட்டே சொல்றா, "நான் கயிறு கட்டின நேரத்துலகூட அண்ணன் உசுரோட இருந்தாரேக்கா, அஞ்சு மணி நேரத்துல இப்படி ஆகிருச்சே"ன்னு. அவ மூஞ்சியைப் பாக்க முடியல.

ஆகஸ்ட் 18, சனி

பதினாறாம் நாள் காரியம். ஐயரு திதி என்னன்னு கேட்டாரு. சாயங்காலம் 4.15க்கு சப்தமி வந்திருச்சுன்னு கணக்குப் பாத்துச் சொன்னாங்க. இனி வருசா வருசம் சப்தமியிலதான் இவுகளுக்குச் சோறு. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

தேன்மொழி ஊருக்குப் போயிட்டா. அவ ஆட்டோ திரும்பினதும் பாக்கியக்கா வந்துச்சு. கையில ஒரு பூட்டு, சின்ன விளக்கு, ஒரு பாட்டில் நல்லெண்ணெய்.

"உள்ரூமைப் பூட்டிருவோம் மங்கை. ஆறு மாசம். அந்த ரூம் வாசல்ல சாயங்காலம் விளக்கேத்திரு. வெளிய தெரிய வேணாம். ஊரை ஏமாத்திட்டோம், நட்சத்திரத்தை ஏமாத்த முடியுமா? எனக்கு மூனு நாளா உறக்கம் இல்லத்தா."

எனக்கும்தான் இல்ல. அந்த ரூம் பக்கம் போகாம அடுப்படியிலதான் படுத்துக்கிட்டு இருக்கேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கல. "பாதி வீட்டைப் பூட்டினா வாடகையும் பாதிதானக்கா?"ன்னு கேட்டுட்டேன்.

அக்கா பூட்டை மாட்டிக்கிட்டே, "முரளிகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"ன்னுச்சு. உண்மைதான். ரெண்டு பேரும் யாருகிட்ட என்னன்னு சொல்ல முடியும்? சாவி ஒன்னு அதுகிட்ட, ஒன்னு என்கிட்ட. அக்கா போனப்புறம் ஒருக்க சாவியை எடுத்துப் பாத்தேன், தொறக்கல.

பூட்டுறதுக்கு முன்னாடி இவுக சட்டைப் பையில இருந்து சிவப்புப் பேனாவை மட்டும் எடுத்துக்கிட்டேன். இப்ப மூனாந்தேதிப் பக்கத்தைத் தொறந்து வச்சிருக்கேன். "சொன்னேன்"னு எழுதியிருக்கேன். என்ன சொன்னேன்னு எழுதல.

அன்னைக்குக் காலையில 8.50க்குத் தாளைக் கிழிச்சுட்டுப் போனேன். இவுக கண்ணு கூரையில. கை இன்னும் கட்டில் சட்டத்துல. "இன்னைக்கு என்ன மங்கை?"ன்னாக. அந்தக் குரலைக் கேக்க முடியல. ரேவதி, இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்குன்னு எப்படிச் சொல்லுவேன்? வீடு போனாப் போகுதுன்னு நினைச்சேன். தெருவுல நின்னுக்கிறேன்னு நினைச்சேன். அந்த ஒரு நிமிசம் மட்டும் எனக்குப் பயமே இல்ல.

"அஸ்வினிங்க. அஸ்வினி வந்திருச்சு"ன்னேன்.

"அப்பாடா"ன்னாக. கட்டில் சட்டத்தை விட்டாக. என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. அரை மணி நேரம். அதுக்கப்புறம்தான் பயம் திரும்ப வந்துச்சு, துண்டைத் தேடினேன்.

"மாலை 4.15"ன்னு ஊரெல்லாம் ஒட்டியிருக்கு. இங்க அடிச்சுத் திருத்துறேன்: காலை 9.20. ரேவதி. சஷ்டி.

ஒவ்வொரு புரூப்புக்கும் அடியில அவுக எழுதுறதையே நானும் எழுதினேன். சரி பார்த்தது. மங்கை.